நாலு சாண் ரோஸ் சுவர்

எங்கள் அப்பாவின் காதை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்! காலையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் பேப்பர் படிப்பார். அப்போது வெயில் அவர் காதுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வரும். காது ரோஸ் நிறத்தில் ஒளிரும். கண்ணைக் குத்துகிற ரோஸ் இல்லை, இதமான, வெதுவெதுப்பான ரோஸ்.

"நம்ம ரூமுக்கு இந்தக் கலர்தான்" என்று ஒருநாள் அம்மா சொன்னாள்.

"என்ன, என் காதை அறுத்துக் கடைக்கு எடுத்துட்டுப் போகப் போறியா?" என்று அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அம்மா கடையிலிருந்து கலர் அட்டை வாங்கி வந்தாள். அதை அப்பாவின் காதோரம் வைத்துப் பார்த்து இரண்டு ரோஸைப் பேனாவால் வட்டம் போட்டாள். "இதுல எதுன்னு அடுத்த லீவுல முடிவு பண்ணலாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து அடிப்போம், சரியா?" என்று என்னிடம் சொன்னாள். அடுத்த வாரம் வேலைக்குப் போய்விட்டாள்.

வேலை என்றால் பக்கத்துத் தெருவில் இல்லை. ரொம்ப, ரொம்பத் தூரம். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் அம்மா நர்ஸ்.

கிளம்புவதற்கு முன் என் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். எப்போதும் தூங்குவதற்கு முன் நாங்கள் அப்படி வைத்துப் பார்ப்போம். என் நடுவிரல் அம்மாவின் நடுவிரலில் மேல் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

எட்டு மாதம் நாள்காட்டியில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கூட வேலை பார்க்கிற ரெண்டு பேருக்கு உடம்பு சரியில்லடா கண்ணு. லீவு கிடைக்கல. இன்னும் அஞ்சு மாசம் பொறுத்துக்கோ."

"சரிம்மா" என்றேன். சரியே இல்லை. கொஞ்சம்கூடச் சரியில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பா கெட்டிக்காரர். குழாய் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்கவில்லை. "வா, ரூமுக்கு பெயிண்ட் அடிச்சுடலாம்" என்றார்.

"அம்மா இல்லாமலா?"

"அம்மாகிட்ட போன்ல காட்டிட்டு அடிப்போம்."

பெயிண்டர் மாமா வந்தார். பெரிய அட்டை இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரோஸ் அடித்தார். "கலர் அட்டையில இருக்கிற குட்டிக் கட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது முதலாளியம்மா. பெருசா அடிச்சு, காய்ஞ்ச பிறகு பாக்கணும்." முதலாளியம்மா என்றது என்னைத்தான்.

காய்ந்ததும் வீடியோவில் அம்மாவிடம் முதல் அட்டையைக் காட்டினேன்.

"ஆரஞ்சு மாதிரி இருக்கே?"

ஜன்னல் பக்கம் ஓடினேன்.

"இப்போ வெள்ளையா தெரியுதுடா."

டியூப் லைட்டுக்கு அடியில் நின்றேன்.

"ம்... சாம்பல்?"

இரண்டாவது அட்டைக்கும் இதே கதைதான். கடைசியில் அம்மா, "உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார்க்காமலே பிடிக்குமாம்! அது எப்படிப் பிடிக்கும்?

வேறு வழியில்லாமல் அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, காதுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அட்டைகளைப் பிடித்தேன். பெயிண்டர் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறேன். காதைப் பார்த்துக் கலர் எடுக்கிறவங்களை இப்போதான் பாக்கிறேன்!"

இடது பக்க அட்டை அப்படியே காதுதான். அதையே அடிக்கச் சொன்னேன்.

மறுநாள் மாலை பள்ளிவிட்டு வந்தேன். அறை முழுக்க ரோஸ். வெயில் ஒரு சுவரில் பட்டு மற்ற சுவர்களுக்கும் பரவியிருந்தது. என் கைகூட லேசாக ரோஸாக இருந்தது. எவ்வளவு அழகு தெரியுமா!

"ஹை!" என்று கத்தினேன். சாமான் இல்லாத அறை, "ஹை" என்று திருப்பிச் சொன்னது. அவ்வளவுதான். அப்பா பஸ் ஓட்டுகிறார், எட்டு மணிக்குத்தான் வருவார். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டார். யாருக்குக் காட்ட வேண்டுமோ, அவளுக்குக் காட்ட முடியவில்லை. நான் நடு அறையில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது அம்மாவின் போன் வந்தது. இந்த முறை நான் எதையும் காட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முகத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். அழுக்கு வெள்ளை. ஒரு மூலையில் ஈரக்கறை. ஒரு படம்கூட இல்லை.

"அம்மா, உன் ரூம் என்ன கலர்?"

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்குக் கலர்னு ஒரு பேரு வேற வைக்கணுமா? நாலு பேர் தங்கியிருக்கோம். இந்தக் கட்டிலும் கட்டிலோரச் சுவரும் என் பங்கு. வீட்டுக்கார அம்மா ஆணியும் அடிக்கக் கூடாது, பெயிண்டும் அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ராத்திரி அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டா தூங்குவே?"

"வேற எதைப் பார்க்கிறது?" என்றாள் அம்மா. இந்த முறை சிரிக்கவில்லை.

எனக்காவது அப்பா இருக்கிறார். அப்பாவின் காது இருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சுவர் மட்டும்தான். அப்புறம் ஒரு யோசனை வந்தது.

"அம்மா, உன் பங்குச் சுவர் எத்தனை சாண் இருக்கும்?"

"ஏண்டி?"

"ஸ்கூல்ல கேட்டாங்க."

"ஸ்கூல்ல எதுக்கு என் சுவரைக் கேக்கிறாங்க?"

"கணக்குப் பாடம்மா. சும்மா சொல்லேன்!"

அம்மா கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கையை விரித்து அளந்தாள். நீளம் நாலு சாண். உயரம் மூணு சாண்.

நாலு மூணு பன்னிரண்டு. பழைய அட்டைப்பெட்டிகளை எடுத்து, சாணுக்குச் சாண் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வெட்டினேன். டின்னில் மிச்சமிருந்த பெயிண்டை அடித்துக் காயவைத்தேன். வந்து பார்த்தால், பன்னிரண்டும் நாய் வால் மாதிரி வளைந்து நிற்கின்றன!

மேலே அகராதியை வைத்தேன். எடுத்ததும் மறுபடி வளைந்தன. அப்பாவை உட்காரவைத்தேன். அவர் எழுந்ததும் அதே கதை. பெயிண்ட் அடித்த பக்கம்தானே இழுக்கிறது என்று யோசித்தேன். அப்படியானால் மறுபக்கமும் அடித்தால் அதுவும் இழுக்குமே? அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இழுத்ததில் அட்டைகள் நிமிர்ந்துவிட்டன.

"இது எனக்கே தோணலையே" என்று அப்பா தலையைச் சொறிந்தார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் ஒரு சுருள் வாங்கி வந்து அம்மாவுக்கு அனுப்புகிற பார்சலுக்குள் போட்டார்.

பதினாறு நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். முகம் அழுதமாதிரியும் சிரித்தமாதிரியும் இருந்தது.

"ஒட்டிட்டேன். வீட்டுக்கார அம்மா வந்து, பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்லன்னாங்க. சுவருக்கு எங்கேம்மா அடிச்சேன், அட்டைக்குத்தானே அடிச்சிருக்குன்னேன். அவங்களே சிரிச்சுட்டாங்க."

"அளவு சரியா இருக்காம்மா?"

அம்மா போனைத் திருப்பினாள். பன்னிரண்டு அட்டையும் வரிசையாக இருந்தன. ஆனால் வலது ஓரத்தில் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, அழுக்கு வெள்ளைச் சுவர் பல்லைக் காட்டியது.

ஐயையோ! அம்மா அளந்தது அம்மாவின் சாண். நான் வெட்டியது என் சாண்!

"தப்பாயிடுச்சும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பெயிண்ட் இன்னும் இருக்கு. பெருசா வெட்டி அனுப்பறேன்."

"வேண்டாம். இங்க பாரு." அம்மா ஓர் அட்டையின் ஓரத்தில் கையை விரித்து வைத்தாள். "இதுதானே உன் சாண்? நான் கிளம்பும்போது உன் கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? அரை விரல் வளர்ந்திருக்கடி. எட்டு மாசமா உன் முகத்தைப் பார்க்கிறேன், நீ வளர்றது எனக்குத் தெரியவே இல்ல. இப்போ கையால தொட்டுப் பார்த்துட்டேன்."

நான் மூக்கை உறிஞ்சினேன்.

"மாசம் ஒரு அட்டை அனுப்பு. அந்த மாசத்துச் சாண்ல வெட்டணும். ஓரத்துல ஒட்டிக்கிட்டே வர்றேன்."

அன்று அம்மா அந்தச் சுவரோரம் சாய்ந்துகொண்டு பேசினாள். நானும் என் சுவரோரம் சாய்ந்துகொண்டேன். போனில் அம்மாவின் சுவர் சாம்பலாகத்தான் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும். அது என்ன நிறம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.