நானூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டாயிற்று

காலை எட்டரைக்கு ஜெஸிந்தா மேசைக் கணினியில் ஒரே ஒரு விசையைத் தட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அவரவர் அம்மாவிடம் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லி முடித்தார்கள்.

பிள்ளைகள் வேலை பார்ப்பது செவ்வாய்க் கோளின் சுரங்கத்தில். அங்கிருந்து ஒரு சொல் வந்துசேர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அம்மாக்கள் பதறிப்போகிறார்கள் என்று நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்தது. புறப்படும்போது ஒவ்வொருவரும் தம் கைப்பேசியைத் தூத்துக்குடி அலுவலகத்தில் விட்டுப்போக வேண்டும். 'ஒற்றைவிசை' மென்பொருள் அத்தனை கைப்பேசிகளையும் ஜெஸிந்தாவின் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும். ஒன்றில் தட்டினால் எல்லாவற்றிலும் தட்டியது போல. பிள்ளைகளுக்கு இதில் பரம நிம்மதி. அம்மாக்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று பிச்சம்மாள் ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஜெஸிந்தாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"எம்மவன் சுடலைமுத்துவுக்கு என்னமோ ஆயிருக்கு. மறைக்காம சொல்லிருங்க."

"நல்லா இருக்காரும்மா. இன்னைக்குக் காலையிலகூடப் பதில் போட்டாரே?"

"அதாம்மா சொல்லுதேன். கேட்ட ஒடனே பதில் சொல்லுதான். ஒரு மாசமா ஒரு நாள்கூட எரிஞ்சு விழல. அவன் அப்படிப்பட்ட புள்ளையே இல்ல."

ஜெஸிந்தாவுக்கு அதற்கு மேல் பொய் சொல்ல மனம் வரவில்லை. கைப்பேசிகள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து காட்டினாள். மகனின் மூலை உடைந்த கைப்பேசியைப் பார்த்ததும் பிச்சம்மாள் அழுதுவிட்டார். "அப்ப அவன் உசிரோட இருக்கானா இல்லையா?"

அம்மா வந்து காத்திருப்பதைச் சொல்லி ஜெஸிந்தா நேரே செவ்வாய்க்கே செய்தி அனுப்பினாள். முக்கால் மணி நேரத்தில் சுடலைமுத்துவின் பதில் வந்தது: "அன்புள்ள அம்மா, எப்போதும் உங்கள் நினைவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"இதுவும் ஒங்க மிஷின்தான்" என்றார் பிச்சம்மாள், முகம் வெளுத்து. "குடுங்க, நான் கேக்கேன்."

'சாப்டியால?' என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை நான்கு மணிக்குத் திரை ஒளிர்ந்தது.

"எத்தன வாட்டிம்மா கேப்ப? வேலையா இருக்கேம்லா. அப்புறம் பேசுதேன்."

"எம்புள்ள!" பிச்சம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கான்."

மறுநாள் ஜெஸிந்தா, மேலதிகாரியிடம் போராடி, 'ஒற்றைவிசை'ப் பதிலை நிறுத்தினாள். கேள்விகள் நேரே செவ்வாய்க்குப் போயின. பதில்கள் தாமதமாகவும் சலிப்போடும் வந்தன. சில வரவேயில்லை. ஓர் அம்மாகூடப் புகார் சொல்லவில்லை.

அப்போதுதான் தன் சொந்தக் கைப்பேசி அவள் கண்ணில் பட்டது. அம்மா கேட்ட 'சாப்டியா?' அதில் மூன்று நாளாகக் கிடந்தது. ஜெஸிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. "சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?" என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினாள்.

அடுத்த நிமிடமே அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஏட்டி, ஒடம்புக்கு என்ன?"