நாலு மைல் தெற்கே

வடதுறையில் இப்போதெல்லாம் யாரும் கடலில் காணாமல் போக முடியாது. சட்டம் அப்படி. விசைப்படகு ஒவ்வொன்றிலும் டிரைவரின் தலைக்கு மேலே இடஞ்சொல்லி என்றொரு சாம்பல் நிறப் பெட்டி, முத்திரை வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. பழைய கருவிகளை அரசு வாங்கிக்கொண்டு போய்விட்டது. படகு பத்து மைல் தாண்டியதும் பெட்டி விழித்துக்கொள்ளும். வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். அதோடு விடாது. சுற்றியுள்ள படகுகளின் பெட்டிகளை அலைவழியே கூப்பிட்டு, 'நான் இங்கே, நீ அங்கே, இடையில் இத்தனை தூரம், சரிதானே?' என்று சாட்சி கேட்கும். சாட்சி ஒத்துப்போனால் பச்சை விளக்கு. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் படகு திரும்பிவிட வேண்டும்.

அன்று காலை ஒன்பதே காலுக்கு எல்லாப் பெட்டிகளும், துறைமுகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவைகூட, ஒரே குரலில் அலறின. கஸ்பாரின் படகில் தண்ணீர் ஏறுகிறது. ஆட்கள் ஐந்து பேர்.

கஸ்பாரின் அக்கா மெட்டில்டா அப்போது துறைமுகத்தில், ஒரு படகின் கூரைமேல் ஏறி, பெட்டிக்கு சிக்னல் வாங்கித் தரும் அலைக்கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடதுறையின் பெட்டிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவள்தான். கையிலிருந்த துணியை எறிந்துவிட்டு, கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த இன்னாசியின் படகில் குதித்தாள்.

"நீ எதுக்குப் பிள்ள? நாங்க போயிட்டு வாறோம்" என்றார் இன்னாசி.

"என் தம்பி, அண்ணே. படக எடுங்க."

ஒன்பது படகுகள் பின்னால் வந்தன. கடலோரக் காவல் கப்பல் வந்து சேர மாலையாகும் என்று கரையிலிருந்து சொன்னார்கள். மரப்படகுக்கு மாலை வரை பொறுமை கிடையாது.

மெட்டில்டாவுக்கு உட்கார முடியவில்லை. முன்புறம் போய் நின்றாள், பின்புறம் வந்தாள், மறுபடி முன்புறம் போனாள். கஸ்பாரின் கைப்பேசிக்கு அடித்துப் பார்த்தாள். நடுக்கடலில் எங்கே எடுக்கும்? அவன் வாக்கி டாக்கியும் ஊமையாகிவிட்டது. பேட்டரி நனைந்திருக்கும். இடஞ்சொல்லிக்கு மட்டும் தனி உயிர் உண்டு. படகு முழுகினாலும் அது மிதந்தபடி கத்திக்கொண்டிருக்கும். பெட்டி சொல்கிற இடத்துக்குப் போனால் போதும், தம்பி இருப்பான். இதைத் தனக்குத் தானே இருபது தடவை சொல்லிக்கொண்டாள்.

பெட்டி சொல்கிற இடம் பொய் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது பாதகமில்லாத பொய்.

பெட்டிகள் வந்த புதிதில் மீனவர்களுக்கு வயிறு எரிந்தது. கரையில் யார் வேண்டுமானாலும் கைப்பேசியைத் திறந்து எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். மீன் கிடக்கிற பார் எங்கே என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத மனிதர்கள் இவர்கள். கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பாறைத்திட்டு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. அதை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்கிற பெட்டியை எவன் விரும்புவான்? முதலில் இன்னாசிதான் அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "எனக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிச் சொல்லுத மாதிரி வச்சுக் குடு. யாருக்கும் தெரியாண்டாம்."

பெட்டிக்குள் 'வரைபடத் திருத்தம்' என்றொரு கட்டம் உண்டு. பழைய வரைபடங்களுக்கும் கோள்களுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைச் சரிக்கட்ட வைத்தது. அதில் பூஜ்யம் இருக்க வேண்டும். மெட்டில்டா 'தெற்கே நாலு' என்று போட்டாள். அன்றே சிவப்பு எரிந்தது, சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்த வாரத்தில், பெலிக்ஸ் வந்தான். அதே கதவு, அதே ரகசியம். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லாருக்கும் அவள் அதே நாலு மைலைக் கொடுத்தாள். எல்லாரும் ஒரே அளவு நகர்ந்துவிட்டால் அவர்களுக்குள் தூரம் மாறாது. பெட்டிகள் ஒன்றுக்கொன்று மகிழ்ச்சியாகச் சாட்சி சொல்லும். எல்லா விளக்கும் பச்சை. ஒவ்வொருவரும் தான் ஒருவன் மட்டுமே கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, திரையில் தெரிவதில் நாலு மைலைக் கழித்துக் கழித்து ஓட்டினார்கள்.

கேட்காதவன் ஒருவன்தான். கஸ்பார். பொய் என்றால் அவனுக்கு நாக்கு குழறும். சின்ன வயதிலேயே அப்படி. ஊர் முழுக்க நகர்ந்தபின் அவன் பெட்டி மட்டும் சிவப்பாக எரிந்தது. "அக்கா, என் பெட்டி கெட்டுப்போச்சு, சரி பண்ணு" என்று கொண்டுவந்தான். அவள் அவனிடம் சொல்லாமல் அதிலும் 'தெற்கே நாலு' என்று போட்டாள். பச்சை எரிந்தது. தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனான். அது நடந்து நாலு நாள்தான் ஆகிறது.

பதினொரு மணிக்கு இன்னாசி இன்ஜினைத் தணித்தார். "இங்கனதான்."

ஒன்றுமில்லை. அலை, அலைக்குப் பின்னால் அலை. பெலிக்ஸின் படகு வலப்பக்கம் வந்து நின்றது. மற்றவையும் வந்து வட்டமாக நின்றன. பத்துப் படகு ஆட்களும் கூரைமேல் ஏறி நாலாபுறமும் பார்த்தார்கள். ஒரு பலகை இல்லை, ஒரு டப்பா இல்லை, எண்ணெய்ப் படலம்கூட இல்லை.

"முங்கிட்டுதோ?" என்றான் யாரோ. மெட்டில்டா அவனை அறையாத குறை.

"பெட்டியப் பாரு, பிள்ள. கோளாறா இருக்கும்" என்றார் இன்னாசி.

அவள் ஸ்டூலில் ஏறி முத்திரையை உடைத்தாள். இணைப்பு முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா? இல்லை. அலைக்கம்பத்து ஒயர் எலி கடித்திருக்கிறதா? இல்லை. ஒன்பது கோள்கள் தெரிகின்றன. ஒன்பது சாட்சிகள் ஒத்துக்கொள்கிறார்கள். பழுது எதுவும் இல்லை என்கிறது பெட்டி. திரையின் கீழ்வரியை அவள் அப்போதுதான் படித்தாள்: 'ஆபத்தில் உள்ள படகு: வடக்கே, நாலு மைல்.'

"அண்ணே, பெட்டி வடக்கேல்லா காட்டுது! நீங்க ஏன் இங்க நிறுத்துனீங்க?"

இன்னாசி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னுது நாலு மைல் தள்ளிச் சொல்லும்லா. அதக் கழிச்சுத்தான் வந்தேன். கஸ்பார் பெட்டி சுத்தமானது. அவன் சொல்லுத இடம் இதுதான்."

மெட்டில்டா வட்டமாக நின்ற படகுகளைப் பார்த்தாள். பத்து டிரைவர்களும் மனசுக்குள் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். என் பெட்டி பொய், அவன் பெட்டி மெய். கழித்துவிட்டு நேர்மையாக வந்திருக்கிறார்கள். திரையை அப்படியே நம்பி வந்திருந்தால், பொய்யும் பொய்யும் ஒன்றாகி, நேராகக் கஸ்பாரின் மேல் வந்து நின்றிருப்பார்கள். எத்தனையோ நாள் கழித்து எல்லாரும் ஒரே நேரத்தில் யோக்கியமாக நடந்துகொண்டதில் தம்பி நாலு மைல் தள்ளிச் செத்துக்கொண்டிருக்கிறான்.

இன்னாசியிடம் மட்டும் சொன்னால் ஒரு படகு போகும். ஐந்து பேர் தண்ணீரில் சிதறியிருந்தால் ஒரு படகு என்ன செய்யும்? பத்தும் போக வேண்டும். அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து, பெட்டிகளைக் கண்காணிக்கும் கரை அலுவலகத்துக்கு அது எட்டாது, படகுகளுக்கு எட்டும்.

"நான் மெட்டில்டா பேசுதேன். எல்லாரும் கேளுங்க. உங்க பெட்டி நாலு மைல் தெற்கே தள்ளிச் சொல்லும். ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்கும் நான் அப்படித்தான் வச்சேன். கஸ்பாருக்கும் அவனுக்குத் தெரியாமலே வச்சேன். யாரும் எதையும் கழிக்காதீங்க. பெட்டி சொல்லுத எடத்துக்கே போங்க. வடக்க நாலு மைல். என்னைப் பொறவு ஏசுங்க. இப்பப் போங்க!"

முதலில் வந்தது பெலிக்ஸின் குரல், கோபமாக: "என் படகுல அந்த மாதிரி எதுவும் கெடையாது. நான் ஒங்கிட்ட வந்ததே இல்ல."

"எம் பெட்டியும் சுத்தமான பெட்டி" என்றது இன்னொரு குரல்.

"யாரப் பாத்து என்ன பேச்சு இது?" என்றது மூன்றாவது.

மெட்டில்டாவுக்கு அழுகை வெடித்தது. அந்த அழுகைக்கு நடுவில்தான் பார்த்தாள்: பெலிக்ஸின் படகு வாக்கி டாக்கியில் மறுத்துக்கொண்டே மூக்கை வடக்கே திருப்பியது. அடுத்த படகும் திரும்பியது. பத்துப் படகுகளும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், முழு வேகத்தில் வடக்கே போயின.

கஸ்பாரும் மற்ற நாலு பேரும் வலையின் மிதவைகளைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார்கள். படகின் முன்மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. ஐந்து பேரையும் நாலு படகுகள் தூக்கின. மற்ற ஆறும் சேர்ந்து படகைக் கட்டி இழுத்தன.

"பார் இருக்க எடத்துல பார் இல்ல, அக்கா" என்றான் கஸ்பார், பல் கிட்டிக்க. "ஒண்ணுமே இல்லாத எடத்துல பாறை தட்டிச்சு. கடலுக்கு என்ன வந்துச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கஸ்பார் கேட்டுக்கொண்டே இருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரை தெரிய ஆரம்பித்தபோது ஒன்றே ஒன்று சொன்னான்: "என் பெட்டியில பூஜ்யம் போட்டுரு."

"சிவப்பு எரியும்லே."

"எரியட்டும். கேட்டா உள்ளதச் சொல்லுதேன்."

ஒன்றரை மாதம் கழித்து, ஒட்டுப்போட்ட படகோடு அவன் கடலுக்குப் போனான். மெட்டில்டா துறைமுகத்தில், அலுவலகத்து ஒலிபெருக்கிக்குக் கீழே, போவதும் வருவதுமாக இருந்தாள். பத்து மைல் தாண்டியதும் ஒலிபெருக்கி கரகரத்தது. கடலில் இருந்த பத்துப் படகுகளிலும் அதே குரல் கேட்டிருக்கும்.

"கஸ்பார், அலுவலகத்துலருந்து பேசுறேன். உங்க படகு சொல்ற இடத்தைச் சுத்தியுள்ள பத்துப் படகும் ஒத்துக்கல. ஒண்ணு, உங்க பெட்டி பொய். இல்லேன்னா பத்துப் பேர் பெட்டியும் பொய். அப்படின்னா பத்துப் பேர் உரிமத்தையும் ரத்து பண்ணணும், பொருத்துனவங்களை உள்ள வைக்கணும். நீங்களே சொல்லுங்க. எது?"

கரகரப்பு நீண்டது. மெட்டில்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பத்து டிரைவர்களும் எங்கெங்கோ இன்ஜினைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"என் பெட்டிதான் சார் பொய் சொல்லுது" என்றான் கஸ்பார். நாக்கு குழறவே இல்லை. "திரும்பி வாறேன்."

அதிகாரி உடனே நம்பிவிட்டார்.