சீப்பில்லாத கை

"வெட்டி எடுக்கலைன்னா, அது இன்னும் உள்ளயேதானே இருக்கு, டெஸ்?"

ஊசி போட்டுக்கொள்வதற்கு முந்தைய நாள் தம்பி லாக்கி கேட்டது. "இருக்கும்டா. அதோட வாயை மட்டும் கட்டிடுவாங்க," என்றாள் அவள். அம்மாவைத் தூங்கவே விடாமல் கொன்ற மரபணு அது. கடைசி நாட்களில் அம்மா கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டாள். சீப்பில்லாத கையால் தன் இடுப்பளவு கூந்தலை வாரிக்கொண்டே இருந்தாள். லாக்கிக்கும் தூக்கம் போக ஆரம்பித்திருந்தது. ஊசிக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினான்.

மெல்பர்னில் அந்த மருந்தைச் செய்த ஆய்வகத்தின் எலி அறையில்தான் டெஸ்ஸுக்கு வேலை. அங்கே பகலும் இரவும் தலைகீழ். வெளியே இருட்டும்போது உள்ளே விளக்கு எரியும், எலிகள் சுருண்டு தூங்கும். அன்று மாலை, ஓய்ந்துபோன கால்களை இழுத்துக்கொண்டு கடைசிச் சுற்றுக்குப் போனவள் கதவைத் திறந்ததும் நின்றாள். ஈர மரத்தூள் வாடைக்கும் காற்றுக்குழாயின் இரைச்சலுக்கும் அடியில், கிறீச், கிறீச் என்று ஏதோ ஒரு கூண்டில் எலி ஓடும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

போனில் சொன்னதும், கூட வேலை பார்க்கும் டேமியன் சிரித்தான். "நேத்துதானே கோடைக்காலம்னு ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வச்சுது? எந்தப் புத்திசாலியோ எலி விளக்கையும் சேர்த்துத் தள்ளிட்டான். எலிக்கென்ன தெரியும் அரசாங்க நேரம்! வீட்டுக்குப் போய்த் தூங்கு தாயே, நீயே எலி மாதிரி ஆயிட்ட."

நம்பத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் வலப்பக்க அடுக்கில், நோயில்லாத எலிகள் பஞ்சுக்குள் தூங்கின. அதே விளக்கு. அதே நேரம்.

இடப்பக்கம், அந்த நோய் மரபணு உள்ளவை; லாக்கிக்குப் போட்ட அதே மருந்து போட்டவை. அவனுக்கு முன்பே போட்டவை.

சக்கரம் நின்றது.

குனிந்து பார்த்தாள். ஒன்றுகூடத் தூங்கவில்லை. பின்னங்கால்களில் நின்றன. கண்கள் திறந்திருந்தன. முன்னங்கால்கள் காற்றில் மெல்ல இறங்கின. மேலே போயின. இறங்கின.

வாருகின்றன.

அவனுடைய குறட்டையைக் கேட்டுவிட்டால் போதும் என்று வீட்டுக்கு ஓடினாள். குறட்டை இல்லை. சமையலறையில் லாக்கி முதுகைக் காட்டி நின்றான்.

"தூங்கலையாடா?"

திரும்பினான். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. ஒட்ட வெட்டிய தலைமேல் வலது கை போனது. தோளைத் தாண்டியது. இடுப்புவரை இறங்கியது.

கதவை மறிக்க நினைத்தாள். அதற்குள் வெறுங்காலோடு, வாரிக்கொண்டே, அவளைக் கடந்து, தெருவில் இறங்கிப் போனான்.