கலையாத மடிப்பு

காலை பதினொன்றரை. ஓட்டலின் சலவை அறையில் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தார்கள். முடிச்சுப் போட்ட விரிப்பு ஒன்று விழுந்தது. உள்ளே முத்துமாலை. அன்று விடியற்காலை மூன்றாம் மாடிக்கு வந்து, பெட்டியை வைத்த கையோடு வெளியே போய்த் திரும்பிய அம்மாள், காணோம் என்று அழுத அதே மாலை.

மேலாளர் இஸ்திரிக்காரரைப் பார்த்தார். "சட்டை குடுக்க அந்த மாடிக்குப் போனீங்களே பெரியவரே?"

"போனேன். பக்கத்து ரூமுக்கு."

"இந்தச் சலவை அறைச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே?"

"என்னையே என்னால நம்ப முடியாது. டீ குடிக்கப் போனாலும் பூட்டிட்டுத்தான் போவேன்."

அந்தப் பூட்டே இப்போது அவர் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

கிழவர் விரிப்பை உதறிப் பார்த்து முணுமுணுத்தார். "நான் போட்ட மடிப்பு நடுவுல அப்படியே நிக்குது. யாரும் படுக்கவே இல்ல. இதையும் துவைக்கப் போடுறானுங்க, துரைங்க!"

ஊழியர்களுக்கு இங்கே ஆங்கிலம் சொல்லித்தர வரும் அவர் மகள் காதில் அது விழுந்தது.

"இதை எடுத்தது யாரு?"

"நான்தான் டீச்சர்," என்றார் மாடி சூப்பர்வைசர். வகுப்பில் முதல் மாணவர். "அந்த அம்மா ரூம்ல எடுத்து, உருட்டி, அழுக்குத் துணி இறக்குற குழாய் வழியா கீழ தள்ளினேன்."

"புதுசா வந்தவங்க ரூம்ல விரிப்பு மாத்தணுமா?"

"மாத்த வேண்டியதில்ல. அதுக்காக மாத்தக் கூடாதுன்னு இல்லையே? 'நீட் நாட்' வேற, 'மஸ்ட் நாட்' வேற. நேத்து நீங்கதானே போர்டுல எழுதினீங்க?"

மேலாளர் தலையாட்டினார். கிழவர் மகளைப் பார்த்தார். படிப்பு சொல்லிக் கொடுத்தவளையே படிப்பால் மடக்கிவிட்டானே!

மகள் சிரித்தாள்.

"நூத்துக்கு நூறு. மாத்தினது தப்பே இல்ல. ஆனா விதி கேக்கல, வந்தவங்க கேக்கல, விரிப்பும் அழுக்காகல. யாருக்கும் அவசியமில்லாத வேலையை ஒருத்தர் ஓடிப்போய் செய்யுறார்னா, அந்த அவசியம் அவருக்கு இருந்திருக்கு. வெளிய போறப்ப கேட்டுல நம்ம பையைத்தான் சோதிப்பாங்க. அழுக்கு மூட்டையை யாரு பாப்பாங்க? அதனால மாலை மூட்டைல இறங்குச்சு. அப்புறம் எடுத்துக்கலாம்னு வந்தா, எங்கப்பா பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. சார், இந்தக் கூடையைக் கவிழ்க்கச் சொன்னது யாரு?"

மேலாளர் மெதுவாக சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "இவர்தான். முதல்ல இங்கயே பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னார்."

"மாலை கைக்கு எட்டல. பழியையாவது எங்கப்பா தலைல கட்டிடலாம்னு."

சூப்பர்வைசர் கதவுப் பக்கம் நழுவினார். மேலாளர் குறுக்கே போய் நின்றார்.

போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனபின், மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "மனசுல வெச்சுக்காதீங்க பெரியவரே. அந்தக் கூடைத் துணியெல்லாம் துவைக்கப் போட்டுடுங்க."

கிழவர் நெஞ்சை நிமிர்த்தி, நடு மடிப்போடு கிடந்த விரிப்பைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதைத் துவைக்க வேண்டியதில்ல. நீட் நாட்." மகள் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். "சந்தேகம்னா டீச்சரைக் கேளுங்க. என் பொண்ணுதான்."