துடக்கு வீட்டு வெள்ளிக்கிழமை

“ஆர் என்ன கேட்டாலும் ஒரே கதைதான். அண்டைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு பேரும் கோயிலில நிண்டனாங்கள். விளங்குதோ, சுதா?”

விடிந்ததிலிருந்து மாமி இதை நாலாவது தடவையாகச் சொல்கிறாள். சுதர்சினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் பத்து மணிக்குப் பொலிஸ் வரப்போகிறது. அந்த வெள்ளிக்கிழமை செட்டியார் தெரு நகைக்கடையை உடைத்தவர்களின் வானை ஓட்டியவன் தேனுஜன், மாமியின் கடைசி மகன். அடிபட்ட காவலாளி நோபேட் இன்னும் கண் திறக்கவில்லை. ஆனால் பொலிஸ் காவலில் இருப்பதோ கீழ்வீட்டு ஜவாத்! அந்த நேரம் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தியிருந்த ஒரே குற்றத்துக்காக…

தேனுஜனின் சட்டையில் இருந்த இரத்தத்தைக் கழுவியவள் சுதர்சினி. அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சோறு போட்டவளும் அவள்தான். மாமியின் மூத்த மகனான புருஷன் கனடாவிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும், பாரிசவாதத்தில் விழுந்த மாமியையும் இவனையும் விட்டுப் போகவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையே? என்ர பிள்ளையைக் காட்டிக் குடுக்கத்தான் யோசிக்கிறாய் போல!”

வாசல் மணி அடித்தது.

சார்ஜன்ட் சந்திரகுமார் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். முதல் நாள் வந்த சிங்கள அதிகாரியிடம் சொன்னதையே மாமி மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். அவர் எழுதவில்லை. திரை மூடிக் கிடந்த சாமியறையைப் பார்த்தார். பிறகு கலண்டரில் செருகியிருந்த, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கான அழைப்பை எடுத்து வாசித்தார்.

“உங்கட புருஷன்ர தமையனோ, அம்மா?”

“ஓம்…”

“வாற ஞாயிறு முப்பத்தோராம் நாள். அப்ப அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கெல்லோ? கோயிலுக்கு எப்பிடிப் போனனீங்கள்?”

மாமியின் முகம் வெளிறியது. ஒரு மாதமாக மீன் வாங்காத வீடு. விளக்கு ஏற்றாத வீடு. பிள்ளையைக் காப்பாற்றும் அவசரத்தில் அதையே மறந்துவிட்டாள்! மாமி அந்தப் பொய்யைச் சொன்னபோதே சுதர்சினிக்கு அது உறைத்திருந்தது.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோ, தங்கச்சி. உள்ள போகாம, வெளிய றோட்டில நிண்டு கும்பிட்டியளோ?”

ஒரேயொரு ‘ஓம்’ போதும். மாமியின் கண்கள் அவளிடம் கெஞ்சின. சுவரோரம் உட்கார்ந்திருந்த தேனுஜன் தலை நிமிரவில்லை. கீழ்வீட்டில் ஜவாத்தின் குழந்தை அழுதுகொண்டேயிருந்தது…

“இல்லை,” என்றாள் சுதர்சினி. “நாங்கள் கோயிலுக்குப் போகேல்லை.”

“பாவி! வந்தவள் வந்தவள்தான் எண்டு காட்டிப்போட்டியே!”

“அம்மா! அண்ணியைப் பேசாதேங்கோ!” தேனுஜன் எழுந்து நின்றான். “கூட்டாளிமாரைக் காட்டிக் குடுக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். அதுக்காக ஜவாத் அண்ணை அங்க கிடக்கிறார்… என்னைப் பெத்த பிள்ளையா வளத்தவவையும் பொய் சொல்லச் சொல்லிறதோ? வான் ஓட்டினது நான்தான், சேர். வாங்கோ, போவம்.”

வாசலில் செருப்பை மாட்டியவன் திரும்பினான்.

“அண்ணி… என்னைப் பாக்க வருவீங்களோ?”

“ஓம்.”

காலடிச் சத்தம் படியிறங்கி மறைந்தது. மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுப்படியில் அவித்து வைத்த புட்டு ஆறிப்போனது.

பிறகு மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து குசினிக்குப் போனாள். வாட்டிய வாழையிலையில் புட்டும் சம்பலும் வைத்துக் கட்டினாள். ஒன்றல்ல, இரண்டு.

“இது அவனுக்கு… பசி பொறுக்கமாட்டான்.”

“மற்றது, மாமி?”

“ஜவாத்தின்ர பெண்சாதிக்கு. பால் குடுக்கிறவள்… காலமையிலயிருந்து கீழ அடுப்பு மூட்டின மணமே வரேல்லை.”

சுதர்சினி பார்சல்களை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“நில்லு, சுதா. நானும் வாறன். அவளிட்டை நான்தான் கதைக்கவேணும்.”

பாரிசவாதம் வந்த பிறகு அந்தப் படிகள் என்றாலே மாமிக்குப் பயம். இழுபட்ட காலை முதல் படியில் வைத்தாள். அவள் நீட்டிய கையைச் சுதர்சினி இறுகப் பற்றினாள். மாமி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றி, அவள் தோளில் முகம் புதைத்து, சத்தமில்லாமல் குலுங்கி அழுதாள்.

“மெல்ல, மாமி… ஒவ்வொரு படியா.”