இரண்டு அரை டிக்கெட்டும் ஓணத்தும்பிகளும்

கடிதம் வந்த அன்று நஜ்லா பள்ளி வராந்தாவில் மூன்று முறை குதித்தாள். மூன்றாவது குதியில் பிரசீதா டீச்சரின் காலை மிதித்துவிட்டாள்.

"ஐயோ! காலு, மோளே, காலு!"

"ஸாரி டீச்சர்! நாங்க ஜெயிச்சிட்டோமா?"

"ஜெயிக்கல. தேர்வாகியிருக்கீங்க. திருவனந்தபுரத்துல பூச்சி ஆராய்ச்சி மாநாடு. பெரிய பெரிய விஞ்ஞானிங்க வருவாங்க. அங்க உங்க ஆய்வை வைக்கணும்."

நஜ்லா மறுபடியும் குதிக்கப் போனாள். டீச்சர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற நிவேத்யா குதிக்கவில்லை. அவள் எதற்கும் குதிக்க மாட்டாள். ஆனால் கண் இரண்டும் விரிந்திருந்தன.

அந்த ஆய்வு பிறந்ததே அவளால்தான். கண்ணூருக்கு வடக்கே, கடலை ஒட்டி இருந்தது அவர்கள் பள்ளி. ஓணம் நெருங்கும்போது மைதானம் முழுக்கத் தும்பிகள் வந்து இறங்கும். ஓணத்தும்பி என்றுதான் அவற்றுக்குப் பெயர். அவை வருவதை ஊரே பார்க்கும். பிறகு எங்கே போகின்றன என்று யாரும் கேட்டதில்லை.

"அதுங்க கடலுக்குள்ள போகுதுடீ" என்று போன அக்டோபரில் ஒருநாள் நிவேத்யா சொன்னாள்.

"எதுக்கு, மீன் பிடிக்கவா?" என்று நஜ்லா சிரித்தாள்.

மறுநாள் காலை நிவேத்யா அவளைக் கடல் சுவருக்கு இழுத்துப் போனாள். நஜ்லாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான தும்பிகள் பறந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அலைகளைத் தாண்டி, மீன்பிடிப் படகுகளைத் தாண்டி, எதுவுமே தெரியாத அந்த வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டே இருந்தன. சுண்டு விரல் நீளம்கூட இல்லாத பூச்சி! அதற்கு எப்படி இவ்வளவு தைரியம்? நஜ்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்று முதல் தினமும் பத்து நிமிடம் எண்ணினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறியக் கருவி இல்லை. நிவேத்யா தன் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு துண்டைப் போட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று எழுதிக்கொண்டாள்.

டீச்சர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"பயண உதவி விதிகள்னு ஒண்ணு போட்டிருக்காங்க. 'ஒரு ஆய்வுக்கு ஒரு முழு ரயில் கட்டணம், ஒரு கட்டில், ஒருவருக்கான சாப்பாட்டுச் சீட்டு. உடன் வரும் ஆசிரியருக்குத் தனி.'" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா ஒருத்தர்தான் போக முடியும்."

டீச்சர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

"அடுத்த விதியையும் கேளுங்க. 'வருபவர் கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டும்.' அதனால நஜ்லா, நீ வா. பேச உன்னை விட்டா ஆள் இல்ல."

"நிவேத்யா?"

"அவளுக்கு நான் கைக்காசு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

நிவேத்யா தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். அம்மா யாருகிட்டயும் வாங்க விடமாட்டாங்க. நஜ்லா போகட்டும்."

சொல்லிவிட்டுத் தன் நோட்டை நஜ்லாவிடம் நீட்டினாள். "ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு வா. அதுங்க அக்கரை போய்ச் சேருதான்னு கேளு."

நஜ்லா நோட்டை வாங்கிக்கொண்டாள். தான் கடலே பார்க்காதவள் போல இருந்தது அவளுக்கு. தும்பிகளைக் கண்டுபிடித்தவள் வீட்டில் இருக்க, வாயாடி மட்டும் மாநாட்டுக்குப் போவதா? இது என்ன நியாயம்?

வீட்டில் அரிசிமாவுப் பத்திரியும் மீன் குழம்பும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. நஜ்லா விதிகள் போட்ட தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முழு ரயில் கட்டணம். ஒரு முழு ரயில் கட்டணம். ஏழாவது முறை படித்தபோது பாதிப் பத்திரி வாயில் இருக்க, துள்ளி எழுந்தாள்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே டீச்சரைப் பிடித்தாள்.

"டீச்சர், பன்னிரண்டு வயசு ஆகாதவங்களுக்கு ரயில்ல அரை டிக்கெட்தானே?"

"ஆமா. தனியா சீட்டு கேக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணு!"

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். "அடி கள்ளி! விதியில எத்தனை தலைன்னு போடலையே!"

அப்போதுதான் நிவேத்யா மெல்லச் சொன்னாள். "எனக்குப் பன்னிரண்டு ஆயிடுச்சு."

"எப்போ?"

"போன வியாழக்கிழமை. வீட்டுல பாயசம் வச்சாங்க. நீகூட ரெண்டு கிளாஸ் குடிச்சியே."

நஜ்லாவுக்கு அந்தப் பாயசம் இப்போது தொண்டையில் கசந்தது. டீச்சரும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு தூக்கு நிறையப் பாயசம் வந்திருந்தது.

"பன்னிரண்டு ஆன பிள்ளையப் பதினொண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார் டீச்சர். "அது பொய்."

"வேண்டாம் டீச்சர்" என்றாள் நிவேத்யா.

நஜ்லா வகுப்புக்குப் போனாள். பாடம் காதில் ஏறவில்லை. போன வருடம் நிவேத்யாவின் பிறந்தநாள் எப்போது வந்தது? அன்று குடியரசு தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் இந்த வருடம் மட்டும் எப்படி முன்னாலேயே வந்தது?

"நிவேத்யா! உங்க வீட்டுல பிறந்தநாள் எதைப் பார்த்து வைப்பாங்க?"

"நட்சத்திரம் பார்த்து. மகர மாசத்துப் பூரம்."

"எங்க வீட்டுல தேதி. ரயில்காரங்க பூரமா பார்ப்பாங்க? நீ பிறந்த தேதி என்ன?"

நிவேத்யா விழித்தாள். அவளுக்குத் தெரியவில்லை! தினமும் தும்பிகளைத் தேதி போட்டு எண்ணியவளுக்குத் தன் தேதி தெரியவில்லை.

டீச்சரையும் இழுத்துக்கொண்டு இருவரும் அலுவலக அறைக்கு ஓடினார்கள். டீச்சர் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"ஜனவரி முப்பது!"

"மாநாடு இருபத்தெட்டு. திரும்புறது இருபத்தொன்பது" என்றாள் நஜ்லா. "முப்பதாம் தேதி வரைக்கும் இவ பதினொண்ணு!"

"எப்பா, ஒரே ஒரு நாள்" என்று டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

ஆனாலும் கேட்டுவிட்டுப் போவதுதான் நல்லது என்றாள் நஜ்லா. டீச்சர் மாநாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார். மறுமுனையில் கோபகுமார் என்ற அதிகாரி. கரகரத்த குரல்.

"விதி விதிதான், குட்டி. ஒரு டிக்கெட்."

"ஒரு டிக்கெட்தான் சார். ரெண்டு பாதியா."

"கட்டில்?"

"ஒண்ணே போதும். இவ ஓரத்துல ஒட்டிக்குவா, நான்தான் உருளுவேன்."

"சாப்பாடு?"

"ஒரு சீட்டுல பங்கு போட்டுக்குவோம் சார். மீன் பொரிச்சது வந்தா மட்டும் கொஞ்சம் சண்டை வரும்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"ஏழு வருஷமா இந்த விதியப் படிக்கிறேன். தலைக்கு ஒண்ணுன்னு எங்கேயும் இல்ல. வாங்க. ரெண்டு அரை டிக்கெட்டையும் தொலைக்காம செலவுப் பாரத்துல ஒட்டி அனுப்பணும், தெரியுதா?"

ரயிலில் ஒரு ஜன்னலோரத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறுகள் வந்தன, காயல்கள் வந்தன, கடல் வந்து வந்து ஒளிந்தது. டீச்சருக்குத்தான் கால் நீட்ட இடமில்லை.

மாநாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் நஜ்லாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. கூரை அவ்வளவு உயரம். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தும்பியின் கண். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கண்கள். நரைத்த விஞ்ஞானிகள் ஒரு வண்டுப் படத்தின் முன் குழந்தைகள் போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரும் பூச்சிகளுக்காகவா வந்தார்கள்!

தங்கள் சார்ட்டின் முன் இருவரும் ஒட்டி நின்றார்கள். மதியம் வரை வந்தவர்கள் "நல்லா இருக்கு" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு தலையில் முக்காடு போட்ட ஒருவர் வந்தார். மாலத்தீவுக்காரர். பெயர் ஷிஃபானா. இதே ஊரில் படித்தவர், அதனால் அவர்கள் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். சார்ட்டைப் படித்தவர் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது போறது... நீங்க பார்த்தீங்களா? கண்ணால?"

"ஆமா!" என்றாள் நஜ்லா. "அக்டோபர்ல!"

"எந்த நாள்?"

நஜ்லா வாயைத் திறந்தாள். நூறு கேள்விக்குத் தயாராகி வந்தவளுக்கு இந்த ஒன்று தெரியவில்லை. அவள் நிவேத்யாவின் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"அதிகமா போனது அக்டோபர் பத்தொன்பது, காலைல எட்டு பத்துக்கு" என்றாள் நிவேத்யா. நோட்டைத் திறக்கவே இல்லை. "பத்து நிமிஷத்துல அறுநூத்தி நாப்பது. அன்னிக்குத் துண்டு கடல் பக்கம் பறந்துச்சு. முந்தின நாள்வரை ஊர்ப் பக்கம்தான். மறுநாள் காலைல ஒண்ணுகூட இல்ல."

ஷிஃபானா தன் பையைத் திறந்தார். அதிலிருந்தும் ஒரு நோட்டுதான் வந்தது. ஓரம் கிழிந்த, நிவேத்யாவுடையது போலவே ஒரு நோட்டு. பக்கங்களைப் புரட்டியவர் நின்றார்.

"நான் எங்க தீவுல இதுங்க வர்றதை எண்ணுவேன். பதினோரு வருஷமா" என்றார் மெதுவாக. "எங்க தீவுல ஆறு இல்ல, குளம் இல்ல. இது பிறக்க வழியே இல்ல. ஆனா வரும். எங்கிருந்து கிளம்புதுன்னு தேதி சொல்ல எனக்கு ஒருத்தரும் கிடைக்கல."

நோட்டை அவர்கள் பக்கம் திருப்பினார். நிவேத்யாவுக்கு எழுத்து புரியவில்லை. எண் புரிந்தது.

அக்டோபர் இருபது.

"சாயங்காலம்" என்றார் ஷிஃபானா. "வானம் முழுக்க."

நடுவில் ஒரு கடலே கிடந்தது. இந்தக் கரையில் இரண்டு சிறுமிகள், அந்தக் கரையில் ஒரு பெண். இரண்டு நோட்டுக்கும் நடுவே ஒன்றரை நாள், தண்ணீருக்கு மேலே, சின்னஞ்சிறு சிறகுகள் பறந்திருக்கின்றன. நஜ்லாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அதே தும்பிங்கதானா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். இன்னும் பல வருஷம் எண்ணினாத்தான் சொல்ல முடியும். எனக்குத் தெரியாது" என்றார் ஷிஃபானா. அப்படிச் சொல்ல அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "இனி சேர்ந்து எண்ணலாமா?"

நிவேத்யா தலையாட்டினாள். பிறகு, யாரும் தூண்டாமலே, தானாகக் கேட்டாள். "வந்தப்போ அதுங்க களைச்சுப் போயிருந்துச்சா?"

ஷிஃபானா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப. எங்க வீட்டுத் துணிக்கொடியில வரிசையா உட்கார்ந்துச்சு. நான் கிட்டப் போனேன். ஒண்ணுகூட நகரல. அன்னிக்கு நான் துணியே எடுக்கல."

பரிசு எறும்பு ஆய்வு செய்த வயநாட்டுப் பையனுக்குப் போனது. அறிவித்தபோது இருவரும் ஷிஃபானாவின் நோட்டில் குனிந்திருந்தார்கள். டீச்சர்தான் அவர்கள் பங்குக்கும் சேர்த்துக் கை தட்டினார்.

திரும்பும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். இரண்டு அரை டிக்கெட்டையும் உற்றுப் பார்த்தார்.

"வயசு என்ன?"

"பதினொண்ணு" என்றாள் நஜ்லா.

"எனக்கு நாளைக்குப் பன்னிரண்டு" என்றாள் நிவேத்யா. "இந்த ரயில் லேட்டாகாதுல்ல சார்?"

பரிசோதகர் சிரித்துவிட்டார். "ஆகாது. எங்க போயிட்டு வர்றீங்க?"

நிவேத்யா சொன்னாள். துண்டில் ஆரம்பித்தாள். கடல் சுவர், படகுகள், அறுநூற்று நாற்பது, அக்கரைத் துணிக்கொடி என்று சொல்லிக்கொண்டே போனாள். பரிசோதகர் எதிர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தவரின் கை பாதியில் நின்றது.

"டிக்கெட்டே இல்லாம கடலைத் தாண்டிருச்சா!" என்றார் பரிசோதகர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நஜ்லா அன்று கண்ணூர் வரும்வரை வாயே திறக்கவில்லை. நிவேத்யா அந்தக் கதையை அடுத்த பெட்டிக்காரர்களுக்கும் முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நஜ்லா பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறை கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டே வந்தாள்.