கட்டைவிரல் காட்டியவன்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கடலடியில் நடந்த ஒரு கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாம்பனுக்குத் தெற்கே, படகு கட்டாத பழைய ஜெட்டிப் பாலம் ஒன்று. அதன் தூண்களுக்கிடையே கிளிமீன்கள் கூட்டமாய் மேயும். ஸ்கூபா சொல்லித்தரும் உசாமாவுக்கும், அவனிடம் கற்ற மீனவன் ஜெனிஷுக்கும் அந்த இடமென்றால் உயிர். அங்கேதான் ஒருநாள் உசாமா மேலே வரவில்லை.

தேடியவர்கள் கைவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் ஜெனிஷ் மறுபடி வந்தான். கயிறு பிடிக்க உசாமாவின் மனைவி தஸ்னீமும் மாமனார் ஹமீது சுல்தானும் வந்தார்கள்.

“அண்ணே, எப்படியாச்சும் கொண்டாந்துருங்க. ஜனாஸா தொழுது மண்ணுல வச்சாத்தான் அவருக்கு நிம்மதி.”

“வெறுங்கையோட வந்தா, ‘ஏலே, குளிக்கவா போன?’ம்பான் உம்புருசன். கொண்டாறேன் தங்கச்சி. ரெண்டு தரம் சுண்டுனா இழுங்க.”

ஜெனிஷ் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று கூடவே இறங்கியிருந்த அவனிடம் உசாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நீருக்கடியில் அதற்கு ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். மீனைக் கண்ட குஷியில், கரையில் காட்டுகிற ‘சூப்பர்’ என்று நினைத்து, ஜெனிஷும் திருப்பிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டான்.

தூண்களுக்கு நடுவே வெயில் எட்டவில்லை. ஒரே கலங்கல். வாயில் துருவின் சுவை. தன் மூச்சு மட்டும் கேட்டது.

அறுந்த வலையொன்றில் சிக்கி, தூணோடு கிடந்தான் உசாமா. ஜெனிஷ் வலையை அறுத்தான். கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, இரண்டு தரம் சுண்டினான். உடல் மெல்ல மேலே போனது. இவன் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அழுகையில் மூச்சு ஒரு கணம் நின்றது.

ஆனாலும் மூச்சுச் சத்தம் கேட்டது.

முதுகுக்குப் பின்னால்.

திரும்பினான். கலங்கலுக்குள் ஒரு கை மட்டும். கட்டைவிரல் உயர்ந்திருந்தது.

இந்த முறை புரிந்தது. காற்று மீட்டரைப் பார்த்தான், முள் சிவப்பின் கடைசியில் கிடந்தது. பதறி மேலே ஏறினான்.

பலகைமேல் உசாமாவைக் கிடத்தியிருந்தார்கள். அவன் இரண்டு கைகளும் தஸ்னீமின் மடியில் இருந்தன.

அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து தஸ்னீம் ஜெட்டிக்கு வந்தாள். காலடிப் பலகைக்குக் கீழே நீர்க்குமிழிகள் கிளம்பின. நடந்தாள், குமிழிகளும் நகர்ந்தன.

“மண்ணுல வச்சோமே... இன்னுமா போகல நீங்க?”

கரை மணல் வரை அவள் கூடவே வந்தன.

தண்ணீரில் இறங்குகிற உங்கள் வீட்டார் எல்லோரும் தம் காலாலேயே நடந்து வாசல் வந்து சேரட்டும், செல்லங்களா.